ரஷ் லிம்பாவைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் சிறு குழு, தமிழ் விக்கிப்பீடியாவில் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகள் எழுதப் பழகி வருகிறது. கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பேருந்து பிடித்து வருகிறவர்கள் என்று பதினைந்து பேர் வரை இருப்போம். பயிற்சிக்காக அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவை எடுத்துக்கொண்டோம். உள்ளூர் மேடைப் பேச்சாளர் ஒருவரை எடுத்திருந்தால் தேநீர் வருவதற்குள் குழு கட்சி பிரிந்திருக்கும். கடல் கடந்த ஒருவர் என்றால் யாருக்கும் பற்றோ பகையோ இருக்காது என்று நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு இரண்டு வாரம்தான் நின்றது. மூன்றாவது வாரம் அவருக்கு எங்களிடையே வழக்கறிஞர்களும் இருந்தார்கள், குற்றம் சாட்டுகிறவர்களும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

யாரு சார் இந்த லிம்பா? ரேடியோவுல பாட்டு போடுகிறவரா?

தொடக்கத்தில் அப்படித்தான். 1951 ஜனவரி 12 அன்று மிசூரி மாநிலத்தின் கேப் ஜிரார்டோ நகரில் பிறந்த அவர், இளமையில் பாட்டுப் போடும் அறிவிப்பாளராக இருந்தார். 1984-ல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் அரசியல் பேச்சுக்கு மாறினார். 1988 ஆகஸ்ட் 1 முதல் நியூயார்க்கிலிருந்து அவர் குரல் நாடு முழுவதும் ஒலித்தது. வார நாள்களில் தினமும் மூன்று மணி நேரம், பெரும்பாலும் தனி ஆளாக, 600-க்கும் மேற்பட்ட நிலையங்களில் அவர் பேசினார். குடியரசுக் கட்சியின் பழமைவாத அரசியலுக்கு அவரளவு குரல் கொடுத்த வானொலிப் பேச்சாளர் அந்த நாட்டில் வேறொருவர் இல்லை என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

நுரையீரல் புற்றுநோய் வந்திருப்பதை 2020 பிப்ரவரி 3 அன்று நிகழ்ச்சியிலேயே அறிவித்தார். மறுநாளே நாடாளுமன்றக் கூட்டத்தில், அந்நாட்டின் உயர்ந்த குடிமை விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு அணிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 17 அன்று இறந்தார். பெண்களையும் கறுப்பின மக்களையும் தன்பாலீர்ப்பாளர்களையும் இழிவாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டு முப்பது ஆண்டுகளும் அவருடன் வந்தது. கட்டுரையில் இந்த இரண்டு பக்கங்களும் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் குழுவில் சண்டை இல்லை. எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

ரேடியோவுல ஒரு ஆளு இப்படி ஒரே கட்சிக்குப் பேச கவர்ன்மென்ட் எப்படி விட்டாங்க?

குமரி பண்பலையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வியப்பு இயல்பானது. நம் நாட்டில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இன்றும் அனுமதி கிடையாது. அமெரிக்காவில் 1949 முதல் ஒரு விதி இருந்தது: சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளை நிலையங்கள் பேசத்தான் வேண்டும், பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். நியாயக் கோட்பாடு என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1987-ல் அந்த விதி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே லிம்பாவின் நாடு தழுவிய நிகழ்ச்சி தொடங்கியது.

இதை அறியாமல் கட்டுரை எழுதினால், அவர் சட்டத்தை மீறிப் பேசியவர் போல ஒரு தோற்றம் வந்துவிடும். அவர் பேச்சின் பெரும்பகுதி அந்நாட்டுச் சட்டப்படி தடையற்றது. நம் ஊர் அளவுகோலால் ஒருவரை அளக்கிறோம் என்பதே தெரியாமல் அளப்பது, கட்டுரைகளில் நான் அடிக்கடி காணும் பிழை.

யாரு வேணும்னாலும் எழுதலாம்னா அதை எப்படி நம்புறது?

நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வாசகர் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. நடுநிலை நோக்கு, ஒவ்வொரு கூற்றுக்கும் சரிபார்க்கத்தக்க சான்று, எழுதுபவரின் சொந்த ஆய்வுக்கு இடமின்மை ஆகிய மூன்றும் விக்கிப்பீடியாவின் அடிப்படைகள்.

உயிருடன் இருப்பவர்களைப் பற்றிய விதி இவற்றையும்விடக் கடுமையானது. அதற்கு ஒரு கதை உண்டு. 2005 மே மாதம் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரின் கட்டுரையில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டுப் போனார். நான்கு மாதங்களுக்கு மேல் அந்தப் பொய் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. சீகன்தாலர் அதைக் கண்டித்து நாளிதழில் எழுதிய பிறகே, சான்றில்லாத அவதூறை விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கலாம் என்ற கொள்கை உருவாயிற்று.

அவரு வாயில இருந்து வந்த வார்த்தையத்தானே அப்படியே போடுதோம்? அதுல என்ன தப்பு வரும்?

அவர் வாயிலிருந்துதான் வந்தது என்பது உமக்கு எப்படித் தெரியும்? என் பதில் கேள்வி எப்போதும் இதுதான். இரண்டு நிகழ்ச்சிகளை எங்கள் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுகிறேன்; இங்கும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2009 அக்டோபரில், செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை வாங்க முயன்ற குழுவில் லிம்பாவும் இருப்பது தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பியபோது இரண்டு மேற்கோள்கள் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் வலம் வந்தன. ஒன்று அடிமை முறையைப் புகழ்வது. மற்றொன்று மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்றவனுக்குப் பதக்கம் தரலாம் என்பது. இரண்டுமே லிம்பா சொன்னதாக 2006-ல் வந்த ஒரு நூலிலும் இணைய மேற்கோள் தொகுப்புகளிலும் இருந்தன. எந்த நாள், எந்த ஒலிபரப்பு என்பது மட்டும் எங்கும் இல்லை. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று லிம்பா மறுத்தார். யாராலும் ஒலிப்பதிவைக் காட்ட முடியவில்லை. மேற்கோளை உறுதிசெய்யாமல் விட்டது தங்கள் தவறு என்று சிஎன்என் தொகுப்பாளர் ஒருவர் ஒப்புக்கொண்டார். இதற்கிடையில் லிம்பா அந்த முதலீட்டுக் குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்.

அடுத்த ஆண்டு கதை திரும்பியது. 2010 செப்டம்பரில், மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு எதிரான வழக்கை விசாரித்த புளோரிடா நீதிபதி ரோஜர் வின்சனைப் பற்றி லிம்பா வானொலியில் உற்சாகமாகச் சொன்னார்: வின்சன் கரடி வேட்டைக்காரராம், குற்றம் சாட்டப்பட்டவர்கள் நடுங்கட்டும் என்று நீதிமன்ற வாசலுக்கு மேல் கரடித் தலைகளை மாட்டி வைத்திருக்கிறாராம். அதற்குச் சில நாள் முன்பு விக்கிப்பீடியாவில் யாரோ சேர்த்த கட்டுக்கதை அது. சான்றாக அங்கே காட்டப்பட்டிருந்தது 2003 ஜூன் 31-ஆம் தேதியிட்ட ஒரு நாளிதழ்ச் செய்தி. ஜூன் மாதத்துக்கு 31-ஆம் தேதி ஏது? தன் வாழ்நாளில் கரடியைக் கொன்றதில்லை என்றார் நீதிபதி. அவருடைய பொழுதுபோக்கு கமேலியாப் பூச்செடி வளர்ப்பது. தகவலை விக்கிப்பீடியாவிலிருந்து எடுக்கவில்லை என்று லிம்பா தரப்பு விளக்கம் சொன்னது. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முதல் நிகழ்ச்சியில் லிம்பாவை வெறுத்தவர்கள் ஏமாந்தார்கள். இரண்டாவதில் லிம்பாவே ஏமாந்தார். இரு தரப்பும் ஒரே இடத்தில் வழுக்கியது: உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டது. இன்னொரு தீங்கும் உண்டு. அந்த அணியை வாங்கும் முயற்சி குறித்துப் பேச, பொய் மேற்கோளே தேவைப்பட்டிருக்கவில்லை. 2003-ல் டானவன் மெக்நாப் என்ற கறுப்பின ஆட்டக்காரரைப் பற்றி, கறுப்பினத்தவர் வெற்றி பெற வேண்டும் என்று ஊடகங்கள் விரும்புவதால்தான் அவருக்கு அளவு மீறிய பாராட்டு கிடைக்கிறது என்ற பொருளில் லிம்பா தாம் வர்ணனையாளராக இருந்த தொலைக்காட்சியில் பேசி, அந்த வேலையிலிருந்தே விலகினார். அதற்குப் பதிவு இருக்கிறது. பொய் ஒன்று அம்பலமானதும், பதிவுள்ள உண்மையையும் சேர்த்து ‘இதுவும் இட்டுக்கட்டியதுதான்’ என்று தள்ளிவிட அவருடைய அன்பர்களுக்கு வசதியாகிவிட்டது.

நடுநிலைன்னா பாதி புகழ்ச்சி, பாதி திட்டு. சரிதானே?

சரியில்லை. பூதப்பாண்டியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் உண்மையாகவே வரிகளை எண்ணிக்கொண்டு வந்தார்: பாராட்டு 22 வரி, கண்டனம் 22 வரி. அந்த உழைப்பைப் பார்த்து எனக்கு அவரிடம் மறுத்துப் பேசவே மனம் வரவில்லை.

நம்பத்தகுந்த ஏடுகளும் நூல்களும் ஒரு செய்திக்கு எவ்வளவு இடம் தந்திருக்கின்றனவோ, ஏறத்தாழ அந்த அளவு இடத்தைக் கட்டுரையும் தர வேண்டும். 1988-க்குப் பின் அமெரிக்க வானொலியின் போக்கை அவர் மாற்றியது பெரிய செய்தி. பல பத்திகள் தேவைப்படும். அவருடைய சுருட்டுப் பழக்கத்துக்கு ஒரு வரி போதும். நுரையீரல் புற்றுநோயை அறிந்த பிறகு அந்த ஒரு வரியை அரைப் பக்கமாக்கத் தோன்றும். அப்படித் தோன்றுவதே எச்சரிக்கை. ஒரு நாள் பேச்சாகிப் போன உளறல்களைத் தேடித் தேடி அடுக்கினால், ஒவ்வொரு வரிக்கும் சான்று இருந்தாலும் முழுக் கட்டுரை பொய்யாகிவிடும்.

முதல் வரியிலேயே ‘சர்ச்சைக்குரிய’ன்னு போடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சொல் வாசகருக்கு எதையும் அறிவிப்பதில்லை. முகத்தைச் சுளிக்க மட்டும் சொல்லித்தருகிறது. ‘பழமைவாத அரசியல் விமர்சகர், வானொலி நிகழ்ச்சித் தொகுப்பாளர்’ என்று தொடங்கி, என்ன சொன்னார், யார் எதிர்த்தார்கள் என்பதை அடுத்த வரிகளில் கூறினால், சர்ச்சைக்குரியவரா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

அப்போ அலெக்ஸ் ஜோன்ஸை மட்டும் முதல் வரியிலேயே ‘சதிக்கோட்பாட்டாளர்’னு போட்டிருக்காங்களே? அது நியாயமா?

நல்ல மடக்கு. ஜோன்ஸும் வானொலிப் பேச்சாளர்தான். 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை, ஆயுதச் சட்டத்துக்காக நடத்தப்பட்ட நாடகம் என்று அவர் ஆண்டுக்கணக்கில் பரப்பினார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரை அவருடைய நேயர்கள் தேடிச் சென்று மிரட்டினார்கள். 2022 அக்டோபரில் கனெக்டிகட் மாநில நடுவர் குழு, அந்தக் குடும்பங்களுக்கும் அங்கே சென்ற புலனாய்வு அதிகாரி ஒருவருக்கும் 96.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

‘சர்ச்சைக்குரிய’ என்பது ஒரு மதிப்பீடு. ‘சதிக்கோட்பாட்டாளர்’ என்பது அவர் செய்யும் தொழிலின் விவரிப்பு. அரசியல் சார்பு வேறுபட்ட ஏடுகளும் நீதிமன்றச் செய்திகளும் அவரை ஒருமுகமாக அப்படித்தான் குறிப்பிடுகின்றன. இங்கே மென்மையான சொல்லைத் தேடிப் போடுவதும் ஒரு சார்புதான். லிம்பாவை அதே சொல்லால் அழைக்கலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. சில ஏடுகள் சில தறுவாய்களில் அழைத்திருக்கலாம். ஆனால் அவரை முதலில் அறிமுகம் செய்யப் பொதுவாக வழங்கும் சொல் அதுவல்ல.

போதை மாத்திரை கேசுல அரெஸ்ட் ஆனாருன்னு போட்டா தப்பா சாரே?

அத்துடன் நிறுத்தினால் தவறு. வலி நிவாரண மாத்திரைகளுக்கு அடிமையானதை லிம்பா 2003 அக்டோபரில் தாமே வானொலியில் ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குச் சென்றார். பல மருத்துவர்களிடம் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் மருந்துச் சீட்டு பெற்றதாக 2006 ஏப்ரலில் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது; அவர் சரணடைந்து பிணையில் வந்தார்; குற்றத்தை மறுத்தார். சிகிச்சையைத் தொடர வேண்டும், விசாரணைச் செலவுக்கு 30,000 டாலர் கட்ட வேண்டும், 18 மாதங்கள் ஒழுங்காக நடந்தால் வழக்குக் கைவிடப்படும் என்று உடன்பாடு ஏற்பட்டது. அவருக்குத் தண்டனை விதிக்கப்படவில்லை. அவருடைய மருத்துவக் கோப்புகளை அரசு கைப்பற்றியதை எதிர்த்து, அவர் வாழ்நாள் முழுவதும் கேலி செய்த குடிமை உரிமைச் சங்கமே நீதிமன்றத்தில் அவருக்கு ஆதரவாக மனு கொடுத்தது. அதையும் விட்டுவிடக் கூடாது.

இதைப் புரியவைக்க எனக்கு அமெரிக்கா தேவைப்படவில்லை, நாகர்கோவிலின் ஒழுகினசேரி போதும். அங்கே பிறந்த நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ல் கைதானார், 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலை கிடைத்தது. ‘கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற நடிகர்’ என்று ஒருவர் எழுதி முற்றுப்புள்ளி வைத்தால், அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. ஆனாலும் நாகர்கோவில்காரர் யாரும் அதைப் பொறுக்க மாட்டார். கொலையுண்ட லட்சுமிகாந்தன், நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்த பத்திரிகைக்காரர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

1995-ல போதைக்காரனை உள்ளே தள்ளணும்னாரு, 2003-ல அவரே மாட்டுனாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதுமே, வாசகருக்குப் புரியுமே?

இது தந்திரமான கேள்வி; கேட்டவருக்கும் அது தெரியும். இரண்டு செய்திகளும் உண்மை. போதைப்பொருள் சட்டத்தை மீறுகிறவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட வேண்டும் என்று 1995-ல் லிம்பா பேசியிருக்கிறார். ஆனால் இரண்டு உண்மைகளை அருகருகே நிறுத்தும்போது மூன்றாவதாக ஒரு கூற்று பிறக்கிறது: இவர் வேடதாரி. அந்தக் கூற்று யாருடையது? சான்றுகளில் இல்லாமல் உம் அடுக்கிலிருந்து மட்டும் பிறந்தது என்றால், அது மேலே சொன்ன சொந்த ஆய்வு.

இந்த இடத்தில் நமக்கு வழி இருக்கிறது. 2003-ல் பல ஏடுகள் அந்த இரண்டையும் தாமே இணைத்துக் காட்டின. எனவே ‘அவருடைய 1995-ஆம் ஆண்டுப் பேச்சை ஏடுகள் நினைவூட்டின’ என்று, இணைத்தவர்களின் பெயரிலேயே எழுதலாம். ‘முரண்நகையாக’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுக. எங்கள் வரைவில் அந்தச் சொல்லை நான்கு முறை நீக்கியிருக்கிறேன். ஐந்தாவது முறை அதைச் சேர்த்தது நானே என்பதைப் பக்க வரலாறு காட்டிக்கொடுத்தது.

அந்த மாணவியை அவரு திட்டின வார்த்தையைத் தமிழ்ல எப்படிப் போடுவீங்க?

எங்கள் குழுவில் மிக நீண்ட விவாதம் இதுவே. முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவி சாண்ட்ரா ஃபுளூக், மாணவியருக்கான மருத்துவக் காப்பீட்டில் கருத்தடை மருந்தும் அடங்க வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் பேசினார். தன் பாலுறவைப் பற்றி அவர் பேசவில்லை; சூலகக் கட்டிக்காக அந்த மாத்திரை தேவைப்பட்ட ஒரு தோழியின் நிலையை எடுத்துச் சொன்னார். லிம்பா அதை, பாலுறவு கொள்வதற்குப் பணம் கேட்கிறாள் என்று திரித்து, ஆங்கிலத்தில் ‘ஸ்லட்’ என்றும் ‘பிராஸ்டிடியூட்’ என்றும் சொல்லி நாள்கணக்கில் ஏசினார். விளம்பரதாரர்கள் பலர் விலகினர். மார்ச் 3 அன்று, பயன்படுத்திய சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டார்.

இதைத் தமிழாக்கும்போது மூன்று குழிகள் இருந்தன. ‘தரக்குறைவாகப் பேசினார்’ என்று பூசி மெழுகினால், விளம்பரதாரர்கள் ஏன் ஓடினார்கள் என்பது வாசகருக்கு விளங்காது. இரண்டாவது சொல்லுக்கு ‘பாலியல் தொழிலாளி’ என்று இன்றைய மதிப்பான வழக்கைப் போட்டால், வசை விவரிப்பாக மாறிவிடும். நம் தெருவில் வழங்கும் வசையைப் போடலாமா என்றால், அந்தச் சொல்லுக்குள் ஒரு கோயில் வரலாறே கிடக்கிறது. சுசீந்திரம் கோயிலிலும் இருந்து, திருவிதாங்கூரில் 1930-ல் ஒழிக்கப்பட்ட தேவதாசி முறையின் வடு அது. லிம்பா நினைத்தும் பார்த்திராத சாதியையும் கோயிலையும் அவர் வாயில் நாம் திணிக்கக் கூடாது.

முடிவில் இரண்டாவது சொல்லை ‘விபச்சாரி’ என்று எழுதினோம். முதல் சொல்லை ஒலிபெயர்த்து, பல ஆண்களோடு உறவு கொள்பவள் என்று பெண்ணை இழிக்கும் வசை என ஒரு விளக்கம் சேர்த்தோம். ஃபுளூக் உண்மையில் பேசியது என்ன என்பது வசைக்கு முன் வர வேண்டும் என்று எங்கள் குழுவின் மூத்த தமிழாசிரியை பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதே சரி. வசையை முதலில் படிக்கும் வாசகர், பின்னால் வரும் உண்மையையும் அந்த வசையின் வழியாகவே படிப்பார்.

‘சர்ச்சைகள்’னு தனித் தலைப்பு ஒண்ணு போட்டுரலாமா?

வசதியான தலைப்பு, ஆனால் குப்பைத்தொட்டி வைத்தால் தெருவே வந்து கொட்டும். ஃபுளூக் செய்தி 2012-க்கும், கால்பந்து அணிச் செய்தி 2009-க்கும் உரியவை. அவற்றைக் காலவரிசையில் உரிய இடத்தில் சொன்னால், அவற்றால் அவர் வாழ்க்கையில் என்ன மாறியது என்பதும் உடன் தெரியும்.

நேயர் எண்ணிக்கை ரெண்டு கோடின்னு அவரே சொல்லுதாரே, அதைப் போடலாமா?

‘என்று அவர் கூறினார்’ என்ற வாலோடு போடலாம். வானொலி நேயர் கணக்கு துல்லியமானது அல்ல. வெளியார் மதிப்பீடுகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. பிறந்த ஊர், படிப்பு போன்ற சாதாரண விவரங்களுக்கு ஒருவருடைய சொந்த வார்த்தையை ஏற்கலாம். பெருமை தரும் எண்ணுக்கு ஏற்கக் கூடாது.

ஆளுதான் செத்துப் போயிட்டாரே, இனி என்ன பயம்?

உயிருள்ளோர் பற்றிய கடுமையான விதி மறைவோடு அன்றே முடிவதில்லை; அண்மையில் இறந்தவர்களுக்கும் நீளலாம், மிஞ்சிப் போனால் இரண்டு ஆண்டு என்று விக்கிப்பீடியா சொல்கிறது. லிம்பாவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் ஃபுளூக் உயிருடன் இருக்கிறார். லிம்பாவின் கட்டுரையில் அவரைப் பற்றி வரும் ஒவ்வொரு வரிக்கும் அந்த விதி பொருந்தும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலும் நம் நாட்டுச் சட்டத்தில் இறந்தவரைப் பற்றிய கூற்றும், அவருடைய குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணத்தோடு சொல்லப்பட்டிருந்தால், அவதூறு ஆகலாம்.

அவரே வந்து ‘இது தப்பு’ன்னு சொன்னா நம்ம திருத்தித்தானே ஆகணும்?

தவறு என்று காட்டினால் உடனே திருத்த வேண்டும்; பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டும். தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே தொகுப்பதை விக்கிப்பீடியா விரும்புவதில்லை. ஒவ்வொரு கட்டுரையோடும் இணைந்திருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதிக் கேட்பதே முறை.

இந்த முறையும் சில வேளை கோணலாகிவிடும். 2012-ல் நாவலாசிரியர் பிலிப் ராத், தன் நாவலின் கதாபாத்திரம் ஒன்று யாரை வைத்து உருவானது என்று கட்டுரையில் இருந்த தகவலைத் திருத்தச் சொன்னபோது, எழுதியவரின் வாய்ச்சொல் போதாது, வேறு சான்று வேண்டும் என்று அவருக்குப் பதில் வந்தது. அவர் நியூயார்க்கர் இதழில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே பிறகு சான்றாயிற்று. விதியை நான் ஆதரிக்கிறேன். ஆனாலும் அந்த இடத்தில் அதைக் கடைப்பிடித்த விதத்தில் பெருந்தன்மை குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

நான் எழுதுதேன், ஒருத்தன் அழிக்கான். திரும்ப எழுதுதேன், திரும்ப அழிக்கான். என்ன செய்ய அண்ணே?

இரண்டாவது முறையிலேயே நிறுத்துக. ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்தில் ஒரே கட்டுரையை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது பிறர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், கணக்கு முடக்கப்படலாம். உயிருள்ள ஒருவரைப் பற்றிய சான்றற்ற அவதூறை நீக்குவது மட்டும் இதற்கு விலக்கு. பேச்சுப் பக்கத்துக்குப் போய், எந்த வரி, எந்தச் சான்று என்று மட்டும் எழுதுக. ‘நீர் அந்தக் கட்சி’ என்று ஒரு முறை எழுதிவிட்டால் அதன் பிறகு உம் சான்றை யாரும் படிக்க மாட்டார்கள். அங்கும் முடிவு வராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேட்கலாம். அப்படிக் கேட்ட இரண்டு முறையும் எனக்கு எதிராகவே முடிவு வந்தது; இரண்டில் ஒன்றையாவது இன்று ஒப்புக்கொள்கிறேன்.

நாம எழுதினதுக்கு நம்ம மேல கேஸ் வருமா?

வரவே வராது என்று சொல்ல மாட்டேன். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறு இன்றும் குற்றம். 2024 ஜூலையில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறானது என்று 2 கோடி ரூபாய் கேட்டு தில்லி உயர் நீதிமன்றத்தில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைமீது வழக்குத் தொடுத்தது. தொகுத்தவர்களின் விவரங்களும் கேட்கப்பட்டன. அந்த வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கம் நீதிமன்ற உத்தரவால் அந்த அக்டோபரில் நீக்கப்பட்டது. நீக்கச் சொன்ன உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அஞ்சி எழுதாமலிருக்கச் சொல்லவில்லை. மேற்கோள் பற்றிய பதிலில் சொன்னபடி நாளும் இடமும் காட்டி, கைது பற்றிய பதிலில் சொன்னபடி முடிவு வரை எழுதினால், ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

எந்தப் போட்டோவைப் போடுறது?

எளிய கேள்வி என்று நினைத்துக் கடைசிக்குத் தள்ளினோம். பதக்கம் அணிவிக்கப்படும் படத்தைப் போட்டால் வாழ்த்து மடல் போலாகிறது. 2006-ல் சரணடைந்தபோது காவல் துறை எடுத்த படம் இருக்கிறது. அதில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் கைதுப் படத்தை ஒருவரின் முகமாக வைப்பது இழிவுபடுத்துவது என்று விதியே எச்சரிக்கிறது. கைது பற்றிய பத்திக்கு அருகில் வைப்பதுகூட விவாதத்துக்கு உரியது. மூன்றாவதாக, ஒலிவாங்கி முன் பேசும் படம் ஒன்று தேடினோம். கிடைத்தவை காப்புரிமை உள்ளவை. சென்ற சனிக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேர் பதக்கப் படத்துக்கு, மூன்று பேர் படமே வேண்டாம் என்பதற்கு, இரண்டு பேர் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள். கட்டுரை மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் வரைவு எழுதிப் பழகும் பக்கத்தில், படமில்லாமல் இருக்கிறது.